அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எச்எஸ்ஏ பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐடி வேலை. எச்எஸ்ஏ கணக்கில் (மருத்துவச் செலவுக்கான அமெரிக்க வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) சுமார் 6,000 டாலர் சேர்ந்திருக்கிறது. டிசம்பரில் குடும்பத்தோடு மதுரை போகிறோம். அங்கே எனக்கு இரண்டு பல்லுக்கு ரூட் கெனால், மனைவிக்குக் கண்ணாடி, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்றுக்கும் இந்தப் பணத்தை எடுக்கலாமா? விமான டிக்கெட்டையும் சேர்க்கலாமா?

பதில்: முதல் இரண்டுக்கும் தாராளமாக எடுக்கலாம். அம்மாவுக்கு முடியாது. டிக்கெட்டை மறந்துவிடுங்கள், நீங்கள் போவது ஊருக்கு, போன இடத்தில் பல்லைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

சிகிச்சை எந்த நாட்டில் நடக்கிறது என்பதை ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) பெரிதாகப் பார்ப்பதில்லை. யாருக்கு நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. நீங்கள், மனைவி, வரிக்கணக்கில் உங்களைச் சார்ந்தவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அம்மாவின் முழுச் செலவையும் நீங்களே பார்த்தாலும், அவர் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் மதுரையில் வசிக்கும்வரை அந்தப் பட்டியலில் வர மாட்டார். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, இந்த மூன்றில் ஒன்றில் வசிக்க வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். நாளைக்கே கிரீன் கார்டு வாங்கி உங்களோடு வந்து தங்கினால் கதை மாறலாம்.

மீறி எடுத்தால் என்ன ஆகும்? அம்மாவுக்காக 2,000 டாலர் எடுக்கிறீர்கள், உங்கள் வரி விகிதம் 22% என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி 440, 65 வயதுக்கு முன் எடுத்ததற்கு 20% அபராதம் 400, ஆக 840 டாலர் போய்விடும். அதற்குச் சம்பளப் பணத்திலேயே ஆபரேஷனை முடித்துவிடலாம்.

சரி, உங்கள் பல் விஷயம். மதுரையில் எச்எஸ்ஏ கார்டைத் தேய்க்க வேண்டாம். சில கார்டுகள் வெளிநாட்டில் வேலையே செய்யாது. சொந்தப் பணத்தைக் கட்டி, நோயாளி பெயர், தேதி, சிகிச்சை விவரம் உள்ள பில்லை வாங்கி, அன்றைய டாலர் மதிப்பை அதிலேயே குறித்து வையுங்கள். கணக்கு தொடங்கிய பிறகு ஆன செலவாக இருந்தால், அதற்கான பணத்தை எடுக்கக் காலக்கெடு கிடையாது. நானாக இருந்தால் இப்போது எடுக்கவே மாட்டேன். முதலீட்டில் வளரவிட்டு, பத்து வருடம் கழித்துக்கூட அதே பில்லைக் காட்டி வரியில்லாமல் எடுக்கலாம். எடுக்கும் வருடம் வரிக்கணக்கோடு சேர்க்கும் எச்எஸ்ஏ படிவம் 8889-இல் காட்ட வேண்டும். உங்கள் மாநிலம் எச்எஸ்ஏ-வுக்கு வரிச்சலுகை தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கலிபோர்னியாவிலும் இதே நிலைதான்.

அப்புறம், இந்தியாவில் உங்களுக்கு வாடகை போன்ற வருமானம் இருந்து, பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால் அம்மாவின் செலவுக்கு ஒரு வழி உண்டு. அவர் 60 வயதைத் தாண்டி, மருத்துவக் காப்பீடு இல்லாதவராக இருந்தால், மருத்துவச் செலவுக்கான சலுகையில் (1961 வருமான வரிச் சட்டத்தில் 80டி பிரிவு) ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். மருத்துவமனையில் ரொக்கமாக மட்டும் கட்டிவிடாதீர்கள், சலுகை கிடைக்காது.