கேள்வி – பதில்: கடலை ஆண்டது முதலையா?

கேள்வி: சேர், டைனோசர் காலத்துக் கடலை ஆண்டது முதலைதான் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? எங்கள் தோட்டத்துப் பாறையைத் தட்டிப் பார்த்தால் எலும்பு கிடைக்குமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ராஜா இல்லாமல் யூடியூப்காரர்களுக்குக் கதை ஓடாது, பிள்ளை. அவர் சொல்லும் மெட்ரியோரிங்கிட் குடும்பம் இன்றைய முதலைக்குப் பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி. ஜுராசிக் காலத்தில் கடலோடு கடலாகிவிட்ட கூட்டம். முதுகுக் கவசத்தை உதறிவிட்டது, கால்கள் துடுப்பாகிவிட்டன. எனக்குப் பிடித்தது வால்தான். முதுகெலும்பு வால் நுனியில் சட்டென்று கீழே மடங்கும். மடிப்புக்கு மேலே எலும்பில்லாத சதைத் துடுப்பு. சுறாவுக்கு இது தலைகீழ், எலும்பு மேல் மடலுக்குள் ஏறும்.

உப்பையும் சமாளிக்க வேண்டுமே! மாத்தறை நில்வளா கங்கையில் ஆளைப் பிடிக்கிறதே உவர்நீர் முதலை, அதற்கு மிஞ்சிய உப்பை வெளியேற்றும் சுரப்பி நாக்கில். இவற்றுக்குக் கண்ணுக்கு முன்னால், மண்டைக்குள். ஆர்ஜென்டினாவில் கிடைத்த மண்டையோடுகளில் அந்தச் சுரப்பியின் வடிவமே கல்லாகிப் பதிந்திருக்கிறது.

ஆட்சி விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவை மூன்று மீற்றர் சுமாருக்கு, நீண்ட ஒல்லி மூக்கோடு மீனும் கணவாயும் பிடித்துத் தின்றவை. விதிவிலக்குகள் உண்டு. 2005இல் ஆர்ஜென்டினாவிலிருந்து அறிவிக்கப்பட்ட டகோசோரஸ் மண்டையோட்டுக்கு மூக்கு குட்டை, தாடை உயரம். பல்லின் இரு விளிம்பிலும் ரம்பம் மாதிரி நுண்பற்கள். அது சதையை அறுக்கிற பல், மீன் கவ்வுகிற பல் இல்லை. பத்திரிகைக்காரர்கள் உடனே 'கொட்சில்லா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இங்கிலாந்தின் பிளீசியோசூக்கஸ் கிட்டத்தட்ட ஏழு மீற்றர். ஆனால் அதே கடலில் பத்து மீற்றரைத் தொட்ட பிளையோசோர்களும் திரிந்தன. அவை முதலைக் கூட்டமே இல்லை, பெரிய தலையுள்ள வேறு வகைக் கடல் ஊர்வன. சிம்மாசனம் அவற்றுக்குத்தான், நம் பங்காளிகளில் பெரியவைக்கு அடுத்த வரிசை.

எலும்பு தேடப் போகிறாயா? மலைநாட்டுப் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்குள் வெந்து உருமாறியது. அதில் எந்த முதலையும் இருக்காது, சுத்தியலை வீட்டிலேயே வை. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் காண்டாமிருக, நீர்யானை எலும்புகள் கிடைத்தது நிஜம், ஆனால் அவை இந்தக் கணக்கில் நேற்றைய ஆட்கள். ஜுராசிக் பாறை வேண்டுமானால் புத்தளம் பக்கம் தப்போவையில் இருக்கிறது. அதுவும் நன்னீரில் படிந்த மண். கிடைப்பது செடிகளின் இலைத் தடங்கள்.