ஐந்து மாநிலம், ஐந்து பெர்மிட்

கேள்வி: ஹூஸ்டனில் சொந்தமாக ஒரு லாரியும் ஸ்டெப் டெக் ட்ரெய்லரும் (முன்பக்கம் உயர்ந்து, பின்தளம் ஒரு படி தாழ்ந்த ட்ரெய்லர்) வைத்து ஓட்டுகிறேன். அட்லாண்டாவுக்கு ஓர் எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் இயந்திரம்) ஏற்றிப்போகச் சொல்லிக் கேட்கிறார்கள். அகலம் 10 அடி 5 அங்குலம், உயரம் 10 அடி 3 அங்குலம், எடை 46,000 பவுண்டு. டெக்சாஸ் பெர்மிட் ஒன்று போதுமா? லோபாய் ட்ரெய்லரை (தளம் இன்னும் தாழ்வானது) வாடகைக்கு எடுத்தால் பெர்மிட்டே வேண்டாம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: போதாது. நண்பர் சொல்வதும் சரியில்லை.

அமெரிக்காவில் ஓவர்சைஸ் பெர்மிட்டை, அதாவது அளவு மீறிய சுமைக்கான அனுமதியை, மத்திய அரசு தருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் மட்டும் செல்லும்படி தருகிறது. ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்து அலபாமாவின் மொபைல் நகரம் வரை போய், ஐ-65, ஐ-85 வழியாக அட்லாண்டா என்றால் டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா ஆகிய ஐந்துக்கும் தனித்தனி பெர்மிட். ஹூஸ்டனில் வண்டி நகரும் முன்பே ஐந்தும் கையில் இருக்க வேண்டும்.

அகல வரம்பு இந்த ஐந்திலும் நெடுஞ்சாலைகளில் 8 அடி 6 அங்குலம்தான். 10 அடி 5 அங்குலத்தை எந்த ட்ரெய்லரில் ஏற்றினாலும் அது 10 அடி 5 அங்குலமே. ஆகவே லோபாய் எடுத்தாலும் பெர்மிட் வேண்டும்.

உயரம்தான் கவனிக்க வேண்டிய இடம். இதற்கு மத்திய அரசு வரம்பே வைக்கவில்லை. மாநிலங்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கின்றன. டெக்சாஸில் 14 அடி. மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியாவில் 13 அடி 6 அங்குலம். உங்கள் ஸ்டெப் டெக்கின் தளம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி இருக்கும். அதன்மேல் இயந்திரம் ஏறினால் 13 அடி 9 அங்குலம். டெக்சாஸில் உயரப் பிரச்சினையே இல்லாத அதே வண்டி, மிசிசிப்பிக்குள் நுழைந்ததும் மூன்று அங்குலம் அதிகமாகிவிடுகிறது.

லோபாயின் தளம் சுமார் 2 அடிதான். உயரம் 12 அடி சொச்சத்துக்கு இறங்கிவிடும், நிஜம்தான். ஆனால் லோபாய் கனமானது. உங்கள் லாரியும் ஸ்டெப் டெக்கும் சேர்ந்து காலியாக 32,000 பவுண்டு என்று வைத்தால் மொத்தம் 78,000. மத்திய வரம்பான 80,000க்குள் அடங்கும். லோபாய் இழுக்கும் வண்டி காலியாகவே 38,000 வந்தால் மொத்தம் 84,000. உயரத்தைக் குறைக்கப் போய் எடைக்கான பெர்மிட்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். பாலங்களின் தாங்குதிறனைப் பார்த்துத் தரப்படும் அந்த பெர்மிட், வெறும் அளவு பெர்மிட்டை விடத் தொல்லையானது. அகலத்துக்கு எப்படியும் விண்ணப்பிக்கிறீர்கள், அதிலேயே உயரத்தையும் எழுதிவிடலாம். நானாக இருந்தால் ஸ்டெப் டெக்கிலேயே ஏற்றுவேன்.

ஏற்றியபின் ஆக்சில் (அச்சு) வாரியான எடையைத் தராசில் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் ஒரு டாண்டம் (அடுத்தடுத்துள்ள இரட்டை ஆக்சில்) 34,000 பவுண்டைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். உயரத்தையும் அப்போது டேப் பிடித்து அளந்து, ஒருவேளை கூடியிருந்தால் பெர்மிட்டைத் திருத்தி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். பூமை (எக்ஸ்கவேட்டரின் நீண்ட கை) எப்படி மடக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே சில அங்குலங்கள் மாறும். கம்பெனி கையேட்டிலுள்ள உயரம் நீங்கள் மடக்கிய விதத்துக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

பெர்மிட் கிடைத்துவிட்டால் வழியெல்லாம் உயரம் போதும் என்று அர்த்தமில்லை. 2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-5 சாலையின் ஸ்காஜிட் ஆற்றுப் பாலத்தில், பெர்மிட்டோடு வந்த உயரமான சுமை மேல் இரும்புச் சட்டங்களில் இடித்து, பாலத்தின் ஒரு பகுதியே ஆற்றில் விழுந்தது. உயரத்தைச் சோதிக்கும் கம்பு பொருத்திய பைலட் காரும் (சுமை லாரிக்கு வழிபார்த்துச் செல்லும் துணைக் கார்) முன்னால் போயிருந்தது. வழியில் உயரம் போதுமா என்று பார்ப்பது அங்கே லாரிக்காரர் பொறுப்பு. வலது லேனுக்கு மேலே சட்டம் தாழ்வாக இருந்தது. உள் லேனில் போயிருந்தால் தப்பியிருக்கும். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

உங்கள் அகலத்துக்குப் பைலட் கார் பொதுவாகத் தேவைப்படாது. பல மாநிலங்களில் 12 அடியைத் தாண்டும்போதுதான் கேட்பார்கள், டெக்சாஸில் 14. முன்னும் பின்னும் ஓவர்சைஸ் பலகை, ஓரங்களில் சிவப்புக் கொடி கட்டாயம். இரவில் ஓட்டலாமா, நகரங்களில் காலை மாலை நெரிசல் நேரத்தில் தடையா என்பதையெல்லாம் அந்தந்த பெர்மிட்டோடு வரும் நிபந்தனைத் தாளில் படியுங்கள். அதில் எழுதிய சாலையை விட்டு ஜிபிஎஸ் சொல்லும் சாலையில் திரும்பினால், அந்தத் துண்டுக்குப் பெர்மிட் இல்லாதவர்தான் நீங்கள்.

தேதிகளையும் ஒன்றாகப் போடாதீர்கள். லூசியானாவில் டயர் வெடித்து ஒரு நாள் நின்றால் ஜார்ஜியா பெர்மிட் காலாவதியாகக் கூடாது. வண்டி அங்கே சேரும் நாளைக் கணக்கிட்டு தொடக்கத் தேதி கேளுங்கள்.

அப்புறம், மாநில பெர்மிட் மாநில நெடுஞ்சாலைகளுக்குத்தான். அட்லாண்டாவில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வேலைத்தளம் வரையுள்ள கடைசி இரண்டு மைல் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அல்லது நகரச் சாலையாக இருந்தால் அவர்களிடம் தனி அனுமதி தேவைப்படலாம். இறக்குமிடத்தின் முழு முகவரியை வாடகை பேசும்போதே வாங்கி, அந்தக் கவுன்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.