சாக்லேட் முதலாளி அதிபரான கதை

கேள்வி: உக்ரைனில் ஜெலன்ஸ்கிக்கு முன் அதிபராக இருந்தவர் மிட்டாய் வியாபாரி என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பெட்ரோ பொரோஷென்கோ. 1965-ல் ஒடெசா மாகாணத்து பொல்ஹ்ராடில் பிறந்தவர், கீவில் சர்வதேச உறவுகள் படித்தவர். சோவியத் யூனியன் உடைந்த சமயத்தில் கோகோ கொட்டை வியாபாரத்தில் இறங்கி, பழைய அரசு மிட்டாய்த் தொழிற்சாலைகள் தனியார் கைக்குப் போனபோது அவற்றை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டு, 1996-ல் 'ரோஷென்' நிறுவனத்தைத் தொடங்கினார். அப்புறம் கார், பஸ், கப்பல் கட்டும் தளம், 'சேனல் 5' தொலைக்காட்சி என்று வளர்ந்துகொண்டே போனார்.

1998-ல் எம்.பி. ஆனார். அப்போதைய அதிபர் குச்மாவின் ஆதரவுக் கட்சியில் ஆரம்பித்தவர், எதிரணித் தலைவர் யூஷ்சென்கோ பக்கம் தாவி, தேர்தல் மோசடியை எதிர்த்து 2004-ல் நடந்த ஆரஞ்சுப் புரட்சியில் முன்வரிசையில் நின்றார். யூஷ்சென்கோ ஆட்சியில் வெளியுறவு அமைச்சர். பிறகு அந்தப் புரட்சி எதிர்த்த அதே யானுகோவிச்சின் ஆட்சியில் 2012-ல் வர்த்தக அமைச்சர்! இப்படி எல்லா அணியிலும் இருந்தவரை மக்கள் எப்படி நம்பினார்கள் என்றால், அதற்கு யானுகோவிச்சை எதிர்த்துக் கீவின் மைதான் சதுக்கத்தில் நடந்த மைதான் போராட்டம்தான் காரணம். 2013 டிசம்பர் 1 அன்று அதிபர் மாளிகைப் பகுதியில் போலீஸ் வரிசையை உடைக்கக் கூட்டம் ஒரு புல்டோசரைக் கொண்டுவந்தபோது, அதன் மேல் ஏறி நின்று 'வேண்டாம்' என்று தடுத்துப் பார்த்தார், திட்டும் வாங்கினார். அது நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2014 மே 25 தேர்தலில் முதல் சுற்றிலேயே சுமார் 55 சதவீத வாக்குகளோடு ஜெயித்துவிட்டார்.

கேள்வி: அப்படி ஜெயித்தவர் 2019-ல் ஏன் அவ்வளவு மோசமாகத் தோற்றார்?

பதில்: அவர் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோய், கிழக்கே டோன்பாஸ் பகுதியில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளோடு சண்டை மூண்ட நேரத்தில் பதவியேற்றவர். தளர்ந்து கிடந்த ராணுவத்தை நிமிர்த்தினார், ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டார், 2017-லிருந்து உக்ரைன்காரர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் ஐரோப்பா போய்வர வழி செய்தார். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஜெயித்தால் ரோஷெனை விற்றுவிடுவேன் என்று வாக்குறுதி கொடுத்தவர் கடைசிவரை விற்கவில்லை, தன் பங்குகளை ஒரு தனி டிரஸ்டின் நிர்வாகத்தில் விட்டதோடு சரி. போர் உச்சத்தில் இருந்த 2014 ஆகஸ்டில் அவர் பெயரில் வரி இல்லாத சொர்க்கம் என்று பேர்வாங்கிய பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் கம்பெனி பதிவானதை, 2016-ல் கசிந்த 'பனாமா ஆவணங்கள்' வெளியே கொண்டுவந்தன. சட்டப்படி தவறில்லை என்று அவர் தரப்பு வாதாடியது. இருக்கட்டும், களத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அந்த வாதம் எடுபடுமா? 2019 தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அவருடைய பழைய தொழில் கூட்டாளியின் மகன்மீது ராணுவ உதிரிபாகக் கொள்முதலில் கொள்ளை லாபம் பார்த்ததாகப் பத்திரிகையாளர்கள் குற்றம் சாட்டினார்கள். கடைசியில் இரண்டாம் சுற்றில் ஜெலன்ஸ்கிக்கு 73 சதவீத வாக்கு, இவருக்கு 24 சதவீதம். என் பார்வையில், 2014-லேயே ரோஷெனை விற்றிருந்தால் இவ்வளவு பெரிய தோல்வி வந்திருக்காது.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: 2019-லிருந்து 'ஐரோப்பிய ஒற்றுமை' கட்சித் தலைவராக எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார். தேசத்துரோக வழக்கு இருக்கும்போதே 2022 ஜனவரியில் நாடு திரும்பி நீதிமன்றத்தில் ஆஜரானார். ரஷ்யப் படையெடுப்பின்போது கீவிலேயே இருந்தார். 2025 பிப்ரவரியில் ஜெலன்ஸ்கி அரசு அவர்மீது சொத்து முடக்கம் போன்ற தடைகள் விதித்தது. அவர்மேல் எனக்கு எவ்வளவு வருத்தம் இருந்தாலும் இது சரியில்லை. குற்றம் இருந்தால் நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும், அதிபர் கையெழுத்தால் எதிர்க்கட்சித் தலைவரை முடக்கக் கூடாது.