ஒரே நீளம், ஒரே பார்: ஒரு கோல்ஃப் மைதானம் மட்டும் ஏன் வதைக்கிறது?

கேள்வி: என் ஹேண்டிகேப் (திறனுக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) 20. டிரைவரில் (நீண்ட தூரம் அடிப்பதற்கான மட்டை) சுமார் 200 யார்டு அடிப்பேன். நான் ஆடும் இரண்டு மைதானங்களும் வெள்ளை டீயிலிருந்து (முதல் அடியை அடிக்கும் இடம்) ஏறத்தாழ 6,300 யார்டு, பார் (முடிக்க வேண்டிய அடிகளின் இலக்கு) 72. ஒன்றில் 95 அடிகளில் முடித்து நிறைவோடு திரும்புகிறேன். மற்றொன்றில் 110-ஐத் தொடுவதோடு ஐந்தாறு பந்துகளையும் தொலைக்கிறேன். குறை என் ஆட்டத்திலா, வடிவமைப்பிலா?

பதில்: பெரும்பகுதி வடிவமைப்பில்தான், மீதி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் டீயில்.

முதலில் இரண்டு ஸ்கோர்கார்டுகளிலும் நீளத்தை விட்டுவிட்டு ஸ்லோப் ரேட்டிங்கைப் பாருங்கள். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர்) அங்கே எடுக்கக்கூடிய அடிகளின் மதிப்பீடு. ஸ்லோப் என்பதோ, அவரைவிட உங்களைப் போன்ற, ஹேண்டிகேப் 20 அளவிலான போகி ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதன் அளவு. அது 55 முதல் 155 வரை செல்லும். 113 என்பது நடுநிலை. கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வேறுபாட்டைத் தள்ளிவைத்தால், ஸ்லோப் 113 உள்ள இடத்தில் உங்களுக்கு 20 சலுகை அடிகள் கிடைக்கும். 138 உள்ள இடத்தில் 24. நீளம் ஒன்றாக இருந்தும் இந்த எண் மாறுவதற்குக் காரணம் தண்ணீர், மணல், புல், சரிவு ஆகியவை வைக்கப்பட்டிருக்கும் இடம்.

இதில் சராசரி ஆட்டக்காரரை அதிகம் வாட்டுவது, பந்தைப் பறக்கவிட்டே கடக்க வேண்டிய தடை. ஃபுளோரிடாவின் டிபிசி சாக்ராஸ் மைதானத்தில் பீட் டை அமைத்த 17-வது குழி 137 யார்டுதான். ஆனால் பந்தை உருட்டி விழவைக்கும் குறும்புல் திட்டான கிரீனைச் சுற்றிலும் தண்ணீர். தப்பு அடிக்கு அங்கே தப்பிக்க வழியில்லை. தொலைக்காட்சியில் பார்க்க அருமையான குழி. ஒரே சுற்றில் அப்படி நான்கு குழிகளை வாரந்தோறும் ஆட யாருக்கும் மனம் வராது.

இதற்கு நேர்மாறானது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17-வது குழி. பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் 495 யார்டு, பார் 4. உலகின் மிகக் கடினமான குழிகளில் ஒன்று. கிரீனின் இடப்பக்க முகப்பில் ரோடு பங்கர் என்னும் ஆழமான மணற்பள்ளம், பின்னால் சாலை, அதற்கும் அப்பால் கல்சுவர். ஆனாலும் இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்னால் வலப்புறமாக நிறுத்திவிட்டு, அங்கிருந்து பந்தைத் தரையோடு உருட்டி ஏற்றி, ஐந்தில் முடித்துக்கொண்டு போகலாம். நான்கு வேண்டும் என்று ஆசைப்படுபவர்தான் பங்கரையும் சாலையையும் சந்திக்கிறார். ஆபத்து எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஆனால் அதை விரும்பி ஏற்பவரை மட்டுமே அது பதம் பார்க்கிறது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மைதானத்தைக் கடினமாக்க ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட வெட்டிய புல்வழி) குறுக்கி, இருபுறமும் ரஃப் புல்லை அடர்த்தியாக வளர்த்தால் போதும் என்று பல கிளப்புகளின் குழுக்கள் இன்னமும் நம்புகின்றன. டொனால்ட் ராஸ் வடிவமைத்த, அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 2010-11-இல் சீரமைத்தபோது, ரஃப்பை அறவே அகற்றி, ஃபேர்வேயை அகலப்படுத்தி, ஓரங்களை மணலும் காட்டுப்புல்லுமாக விட்டார்கள். 2014-இல் யுஎஸ் ஓப்பன் ஆண்கள், பெண்கள் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. பாருக்குக் கீழே முடித்தவர்கள் ஆண்களில் மூவர், பெண்களில் மிஷெல் வீ ஒருவர் மட்டுமே. கவிழ்த்த தட்டைப் போல விளிம்பை நோக்கிச் சரியும் கிரீன்கள்தான் அங்கே வல்லுநர்களைச் சோதித்தன. சாதாரண ஆட்டக்காரருக்கோ பந்து கண்ணில் படுகிறது. அவர் அதை அடித்துக்கொண்டு மேலே செல்லலாம். 2019 முதல் பந்து தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. ஒவ்வொரு குழியிலும் அந்த மூன்று நிமிடத்தைப் புதருக்குள் கழிப்பதைச் சவால் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

இனி டீ. ரேட்டிங் கணக்கில் போகி ஆட்டக்காரர் (ஆண்) என்பவர் 200 யார்டு அடித்து, 370 யார்டு குழியை இரண்டு அடிகளில் எட்டக்கூடியவர். உங்கள் அளவும் அதுவே. 420 யார்டு பார் 4-இல் நல்ல டிரைவுக்குப் பிறகும் 220 யார்டு மிச்சம் இருக்கும். அந்தக் கிரீனின் முகப்பை வடிவமைப்பாளர் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும் அது உங்கள் இரண்டாவது அடிக்கு எட்டாது. உங்கள் டிரைவுக்கு 5,200 முதல் 5,400 யார்டு வரையிலான டீக்களே பொருத்தம். நீங்கள் ஆடும் 6,300 யார்டு, டிரைவரில் 250 யார்டு அடிப்பவருக்கு உரியது. இரண்டாவது மைதானத்தில் தண்ணீரைத் தாண்ட வேண்டிய குழிகளில் இந்த மாற்றம் உடனே தெரியும்.

முன் டீயைப் பெண்களுக்கானது என்று கருதித் தயங்க வேண்டாம். உலக ஹேண்டிகேப் முறையில் ஒரே டீக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ரேட்டிங் வழங்க இடமுண்டு. உங்கள் ஸ்கோர்கார்டில் அந்த டீக்கு ஆண்களுக்கான ரேட்டிங் இல்லையென்றால், அதைப் பெற்றுத் தரும்படி கிளப்பின் ஹேண்டிகேப் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.