பாளையங்கோட்டை கோர்ட்டா, லண்டன் கோர்ட்டா? ஏற்றுமதிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

பத்தமடையிலிருந்து பாய் அனுப்பும் சகோதரி: அண்ணாச்சி, எங்க பில்லுல 'வழக்குகள் திருநெல்வேலி நீதிமன்றத்துக்கு உட்பட்டவை'ன்னு அச்சடிச்சிருக்கோம். லண்டன் பார்ட்டி அனுப்பின ஆர்டர்ல இங்கிலாந்து கோர்ட்டுன்னு இருந்துச்சு. அதுலயும் கையெழுத்துப் போட்டுட்டோம். எது செல்லும்?

பதில்: கையெழுத்துப் போட்ட ஆர்டர்தாம்மா பெரும்பாலும் நிற்கும். பேசி முடித்த பிறகு சரக்கோடு போகிற பில்லில் நாமாக அச்சடித்தது, எதிராளி ஒத்துக்கொள்ளாமல் பழைய பேச்சை மாற்றாது. கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவு காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். எந்தக் கோர்ட்டுக்குமே போகக்கூடாது என்று கட்டிப்போட்டால்தான் அந்தப் பிரிவு உதவிக்கு வரும். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இரு தரப்புக்கும் ஒட்டு உறவில்லாத வெளிநாட்டுக் கோர்ட்டைக்கூடப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்தியக் கம்பெனி இங்கிலாந்து வழக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டும் அன்று தடை கிடைக்கவில்லை.

அதே சகோதரி: அங்க கேஸ் போட்டா, போகாம இருந்துரலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லண்டன் சம்மனைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, இங்கே அந்தத் தீர்ப்புப் பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் ஓடிவந்தவர் உண்டு. மனசு கனத்துப்போனது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி பிரிட்டன், சிங்கப்பூர் மேல்நிலைக் கோர்ட்டுகளின் பணத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றமே தன் தீர்ப்பைப்போல நிறைவேற்றும். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. துபாய்க்கு வாழைக்காயும் முருங்கையும் அனுப்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உண்டு. சாட்சியத்தைப் பார்க்காமல், நீங்கள் வராததற்காகவே கொடுத்த தீர்ப்பு இங்கே செல்லாது. உச்ச நீதிமன்றம் 2001இல் அப்படிச் சொன்னது. ஆனால் அங்கே ஆவணம் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டால் அந்தக் கதவும் அடைபட்டது. அந்தக் கோர்ட்டுக்கு நீங்களே கையெழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நிலவாகை இலை வியாபாரி, சாத்தான்குளம்: ஜெர்மனிக்காரர் நம்ம ஊர் கோர்ட்டுக்கே சம்மதிச்சுட்டார். எனக்கு நல்லதுதானே?

பதில்: வழக்கில் ஜெயிப்பீர்கள், காசு எங்கே இருக்கிறது? ஜெர்மனியில். ஜெர்மனி 44ஏ பட்டியலில் இல்லை, அமெரிக்காவும் இல்லை. இரண்டு பக்கமும் இதே பாடுதான்: அவர்கள் வாங்கிய தீர்ப்பை இங்கே கொண்டுவந்தால் அதை வைத்து மூன்று வருடத்துக்குள் புதிதாக வழக்குப் போட வேண்டும். உங்கள் தீர்ப்பை அங்கே கொண்டுபோனாலும் சட்டென்று வசூலாகாது.

ஆகவே ஒப்பந்தத்தில் கோர்ட்டை எழுதாமல் நடுவர் தீர்ப்பாயத்தை (இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வெளியே நடுவரிடம் தீர்ப்பு வாங்கும் முறை) எழுதச் சொல்வேன். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் ஜெர்மனியும் இருக்கின்றன. நடுவர் தீர்ப்பை அங்கே நிறைவேற்றலாம். எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி, எத்தனை நடுவர், எந்த மொழி என்ற நான்கும் அந்த வரியில் இருக்கட்டும். சின்ன ஆர்டருக்கு ஒரே நடுவர் போதும், மூன்று பேர் என்றால் செலவு இலை விலையைத் தின்றுவிடும்.

தூத்துக்குடி ஏஜென்ட் தம்பி: கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது, அதான் பில் ஆஃப் லேடிங், அது பின்பக்கம் லண்டன் கோர்ட்டுன்னு பொடி எழுத்துல இருக்கே?

பதில்: அதுவும் ஒப்பந்தம்தான் தம்பி. சரக்கு நனைந்து கெட்டிருந்தால் கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட ஒரே ஒரு வருடம்தான், அங்கே வாங்குபவரிடம் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து. எந்தக் கோர்ட் என்று இங்கே வாதாடிக்கொண்டிருக்கும்போதே அங்கே காலம் ஓடிவிடும். இந்த வாரமே பேப்பரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.