இசைக் கேள்வி பதில்: ஏழாவது மகனின் ஏழாவது மகன்

கேள்வி: ஐயா, அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பழைய ஆல்பங்களை என் அண்ணனிடமிருந்து வாங்கிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1988 இல் வந்த ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அண்ணனோ, கீபோர்டு நுழைந்த அன்றே அவர்களுடைய ஹெவி மெட்டல் என்ற முழக்க இசை போய்விட்டது என்கிறார். முழு ஆல்பமும் ஒரே கதை என்கிறார்கள். எனக்குக் கதை பிடிபடவில்லை. தங்கள் கருத்து என்ன?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்கள் அண்ணன் தாம் பழகிய ஒலியின் மீது வைத்திருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. ஆயினும் அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கீபோர்டின் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசர் அந்த ஆண்டில் திடீரென்று வந்து சேர்ந்ததன்று. 1986 இல் வெளிவந்த ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்திலேயே கிதாருடன் இணைத்து வாசிக்கும் சிந்தசைசர்களை அவர்கள் கையாண்டிருந்தார்கள். அங்கே அது ஒலிக்குப் பூசிய மெருகாக நின்றது. அடுத்த ஆல்பத்தில், சொல்ல வந்த கதைக்கு அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. மாற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.

கதை பிறந்த விதத்தைச் சொல்கிறேன். டோரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பெயர்பெற்ற குறிசொல்லும் பெண்மணி 1987 இல் இங்கிலாந்தில் காலமானார். பிறர் வாழ்வில் வரப்போவதை அறிந்தவர் தம்முடைய முடிவையும் முன்கூட்டியே அறிந்திருப்பாரா என்ற கேள்வி, குழுவின் பேஸ் கிதார் கலைஞரான ஸ்டீவ் ஹாரிஸின் மனத்தில் எழுந்து, ‘தி கிளேர்வாயன்ட்’ என்ற பாடலாயிற்று. ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாகப் பிறப்பவனுக்கு அபூர்வ ஆற்றல் உண்டு என்ற மேல்நாட்டு நம்பிக்கையை வைத்து அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்ட் அதே ஆண்டில் எழுதிய நாவலும் உடன் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது என்று பிறந்த வரிசையிலேயே பலன் சொல்லிப் பழகிய நமக்கு இந்த நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது.

கதையின் உயிர் ‘தி ப்ராஃபெஸி’ பாடலில் இருக்கிறது. வரவிருக்கும் அழிவைக் கண்டு ஏழாவது மகனான அந்த இளைஞன் எச்சரிக்கிறான்; ஊரார் செவிசாய்க்கவில்லை; அழிவு வந்த பிறகு அவன்மீதே பழியைப் போடுகிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பகவதி கோயில்களில் அருள் வந்து குறிசொல்லும் வெளிச்சப்பாட்டின் வாக்கை ஊர் கூடிக் கைகூப்பி நின்று கேட்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வாக்கு உண்மையாக இருந்தும் கேட்க ஆளில்லாதவனுடைய தனிமை எவ்வளவு கொடியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் தனிமையை வேகமும் முழக்கமும் மட்டும் கொண்ட பழைய பாணியில் சொல்லியிருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். குழுவின் அடையாளமான குதிரைப் பாய்ச்சல் தாளம் இங்கேயும் உண்டு. ‘தா கிட, தா கிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே ‘தி ஈவில் தட் மென் டூ’ பாடலைக் கேட்டால் அது உடனே புலப்படும். ஆனால் அதன் பின்னணியில், கச்சேரியில் தம்பூரா போல, தந்திக்கருவிகளின் கூட்டொலியை ஒத்த கீபோர்டு ஒலி நீண்டு நிற்கிறது. இதற்கெனத் தனிக் கலைஞர் எவரையும் அவர்கள் அமர்த்தவில்லை. ம்யூனிக் நகரத்து ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச்சின் மேற்பார்வையில், ஹாரிஸும் கிதார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்துமே அவற்றை வாசித்தார்கள். ஆகவே கீபோர்டு எந்த இடத்திலும் கிதாரை முந்திக்கொண்டு விரல் வித்தை காட்டுவதில்லை. அந்த ஒலியை நீக்கிவிட்டு மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள். பாடல்கள் நிற்கும், ஆனால் அவனைச் சூழ்ந்திருக்கும் விதியின் கனம் மறைந்துவிடும்.

கதை பிடிபடவில்லை என்பது தங்கள் குறையன்று. எட்டுப் பாடல்களும் ஒரே பொருளைச் சுற்றி நிற்கின்றனவே தவிர, நிகழ்ச்சிகள் கோவையாகத் தொடரவில்லை. அதே ஆண்டில் குயின்ஸ்ரைக் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’, பாத்திரங்களும் உரையாடலுமாக ஒரு நாடகத்தைப் போல நடக்கிறது. கதைக்கட்டில் அதுவே மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப நான் கேட்பது மெய்டனைத்தான்.

கேள்வி: இந்த மாற்றத்தை அக்குழு பின்னர் தொடர்ந்ததா?
– வாசகர், பாறசாலை

பதில்: உடனே தொடரவில்லை. 1988 ஏப்ரலில் வெளியான இந்த ஆல்பம், 1982 க்குப் பிறகு அவர்களை மீண்டும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. இருந்தும் 1990 ஆம் ஆண்டு ஆல்பத்தில் அவர்கள் வேண்டுமென்றே பழைய முரட்டு ஒலிக்குத் திரும்பினார்கள். அதற்கு முன்பே ஸ்மித் விலகிவிட்டார். அவர் திரும்பி வந்த பின், 2000 ஆம் ஆண்டின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ முதல், நீண்ட பாடல்களும் பின்னணிக் கீபோர்டும் அவர்களுடைய இயல்பாகவே ஆகிவிட்டன. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில், இந்தியாவில் முதன்முறையாக வாசித்தது இந்த ஆறு பேர் கொண்ட குழுதான்.

கேள்வி: என் மகன் இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலைக் கேட்கும்படி சொல்கிறான். பத்து நிமிடம் பொறுமையாக உட்கார முடியவில்லை. எனக்குச் செண்டை மேளம்தான் பிடிக்கும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

பதில்: செண்டை மேளம் பிடித்தவருக்கு இது எளிது, ஐயா. செண்டை மேள வகைகளில் ஒன்றான பஞ்சாரி மேளத்தில், 96 அட்சரத்தில், அதாவது தாள எண்ணிக்கையில், தொடங்கும் முதற்காலம் படிப்படியாக 48, 24, 12, 6 என்று சுருங்கி முடிவதை மணிக்கணக்கில் நின்று கேட்கிறவர் தாங்கள். இந்தப் பாடலின் அமைப்பு வேறு: கனத்த நடையில் தொடங்கி, நடுவில் முழுவதும் அடங்கி, மெல்லிய கிதாரின் மேல் ஒரு குரல் கதையை வெறும் பேச்சாகச் சொல்லும், அங்கிருந்துதான் கருவிகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும். அந்த அடங்கிய பகுதியில் எழுந்துவிடாதீர்கள். பிறகு நேரம் இருந்தால், முதல் பாடலின் தொடக்கத்தையும் கடைசிப் பாடலின் முடிவையும் மகனைப் போடச் சொல்லி அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிடத்திலும் ஒரே சிறு பாட்டு, மின்சாரம் சேராத கிதாரோடு மட்டும், தனியாக ஒலிக்கும்.