மகனுக்கு ஈயப் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. மண், சுவர்க் காரை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான். அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து டானிக்கும் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். கணவர் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பையன் உடம்பில் ஈயம் ஏறியிருக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். பரிசோதிக்க வேண்டுமா? அரசு மருத்துவமனையில் ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை? (வாசகி, திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: கட்டாயம் பரிசோதியுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகள் குடல்பூச்சியாலும் வரும், வெறும் இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். ஆகவே அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டிருந்தால் விஷயம் பிடிபட்டிருக்கும்; பழைய பேட்டரிக்குள் இருப்பது ஈயம், அதன் தூசி அப்பாவின் உடையோடு வீட்டுக்கு வந்துவிடும். நம்மூர் ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

'பிளட் லெட்' (ரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு) என்று கேளுங்கள். கை நாளத்தில் ரத்தம் எடுப்பது நல்லது; விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். பெரிய தனியார் ஆய்வகங்களில் செய்கிறார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து, அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். கடையில் விற்கும் 'நச்சு நீக்கி' கஷாயம் எதையும் கொடுக்காதீர்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கணவர் பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரட்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே. வீட்டைப் பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். இரும்புச்சத்து டானிக்கை நிறுத்தாதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ரசத்துக்கு ஈயச் சொம்பு புழங்குகிறீர்களா? அது வெள்ளீயத்தில், அதாவது டின் என்ற வேறு உலோகத்தில், செய்ய வேண்டிய பாத்திரம். மலிவானவற்றில் காரீயம், அதாவது நாம் பேசும் இந்த நச்சு ஈயம், கலந்திருக்கலாம் என்பதால் இப்போதைக்குப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு நெடுநாளாகவே உறுத்துவது அதுதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே ஈய நச்சு இருந்தது. தொழிலாளிக்கு அது இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுத வேண்டும். அவர் வீட்டுக் குழந்தைக்கு வந்தால் யாருக்கும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம்) மருத்துவக் குழு பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்க்கிறது. ஈயம் அதன் பட்டியலில் இல்லை. குறைந்த அளவு ஈயம் அறிகுறி எதையும் காட்டாமலே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் அமைப்பில் அந்தக் குழந்தை கண்ணில் படவே மாட்டான். பேட்டரிப் பட்டறை உள்ள தெருக்களுக்குப் பரிசோதனைதான் போக வேண்டும்.

பெட்ரோலில் ஈயம் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றது, பெயிண்டுக்கும் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரம்பு வந்துவிட்டது. ஆனால் சென்னையில் 3 முதல் 7 வயதுவரையான 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-இல் வெளியான ஆய்வில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். அதன்பிறகாவது ஆண்டுதோறும் கணக்கெடுத்திருக்க வேண்டாமா?

செய்ய முடியாத காரியமல்ல. பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, நிறத்துக்காக மஞ்சளில் கலந்த லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தில் போய் நின்றது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தைக்கே கருவியோடு போய்ச் சோதித்தார்கள், அபராதம் போட்டார்கள். 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. மாத்திரை கொடுத்து வந்த மாற்றமல்ல அது.

உங்கள் மகனின் அளவு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அறிக்கையின் நகலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்து, மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதச் சொல்லுங்கள். பட்டறைக்கு அருகில் வசிக்கும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணவரின் வேலைக்கு ஆபத்து வருமோ என்று தயங்குவீர்கள், நியாயமான பயம். அதனால்தான் புகார் உங்கள் பெயரில் போகாமல் மருத்துவரின் கடிதமாகப் போகட்டும் என்கிறேன். கணவருக்கும் அன்றே ரத்தம் எடுத்துவிடுங்கள்.